மூடுபனியின் ஜிப்

சில்லக்கொரையில் மூடுபனிக்கு ஜிப் வந்தது ஓர் ஐப்பசி மாதக் காலையில். பால்காரர்தான் முதலில் பார்த்தார். கேனைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு வந்தவர், ரோட்டுக்குக் குறுக்கே வழக்கம்போலச் சுவராக நின்ற மூடுபனியின் நடுவில், தைலமரத்து உச்சியிலிருந்து தார் ரோடு வரைக்கும் பித்தளைப் பல்லோடு ஒரு ஜிப் தொங்குவதைக் கண்டு, ரோடு போடுகிறவர்கள் ஒருவழியாக இந்த ஊருக்கும் ஏதோ செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, தோசைத்திருப்பி நீளத்துக்கு இருந்த அதன் ரன்னரைத் தலைக்கு மேலே தள்ளித் திறந்து, அந்தப் பக்கம் போய், வீடுவீடாகப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பினார். திரும்பியவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாலில் தண்ணீர் அதிகம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுதான் அவருக்கு அன்றைக்கு இருந்த கவலை.

பெரிய ஊர் ஒன்றும் இல்லை அது. வளைவுக்கு மேலே மேல்தெரு, கீழே கீழ்த்தெரு, வளைவை ஒட்டினாற்போல் கீழ்ப்பக்கத்தில் மேட்டுப்பாளையம் மினிபஸ் வந்து நிற்கிற இடம். ரோட்டுக்கு ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் தேயிலைச் சரிவு. ஜிப்பைத் திறப்பானேன், சுற்றிக்கொண்டு போனால் ஆகாதா என்று சரிவில் இறங்கிய சில வீம்புக்காரர்கள், பனிக்குள் நடந்து நடந்து கால் வலித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அதற்கப்புறம் யாரும் அந்த வேண்டாத வேலைக்குப் போகவில்லை.

வளைவின் மேல்பக்கத்தில் ஜெயசீலியின் டீக்கடை இருந்தது. ஊர் முழுக்க அங்கேதான் கூடி விவாதித்தது. தேர்தல் வருகிறது, அதனால்தான் வைத்திருக்கிறார்கள் என்றார் ஒருவர். சுற்றுலாவுக்கு ஆள் வர வேண்டும் என்று வைத்தது என்றார் இன்னொருவர். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரனே வைத்துவிட்டுப் போனதுதான், இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை என்றார் எல்லாம் தெரிந்த மூன்றாமவர். ஜெயசீலி டீயை ஓங்கி ஆற்றிக்கொண்டே, "யாரு வெச்சா என்ன, தொறந்தவன் மூடிட்டுப் போகணும். என் பன்னெல்லாம் நமுத்துப் போச்சு!" என்றாள். அவ்வளவுதான், அதுவே ஊர்ச்சட்டம் ஆனது.

சும்மா ஆகவில்லை, காரணம் இருந்தது. ஜிப்பைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால் மூடுபனி மேலேறி வந்து, வாசல் தாண்டி, அடுக்களைக்குள் நுழைந்து, சோற்றுப்பானைக்குள் உட்கார்ந்துகொண்டது. அப்பளம் பொரித்த நிமிஷத்தில் துவண்டது. ஒழுங்காக மூடிவைத்தாலோ, அடேயப்பா, மேல்தெருவில் வெயில்! ஐப்பசியில் துணி காய்ந்தது என்று சொன்னால் மலைக்காரர்கள் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் காய்ந்தது, ஜமுக்காளம்கூடக் காய்ந்தது. எங்கள் தலையில் மட்டும் பனியா என்று கீழ்த்தெருப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள், வாய் ஓய்ந்ததும் ஈரத்துணியைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், இரண்டு தெருத் துணியும் ஒரே கொடியில் காயக் காய யார் சட்டையை யார் போட்டுக்கொண்டு போனார்கள் என்று தெரியாமல் அதற்கும் சண்டை போட்டார்கள், அப்புறம் ராசியானார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி வெள்ளிக்கிழமைதோறும் ரன்னருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். மாதாகோயில்காரர்கள் டிசம்பர் வந்ததும் அதில் ஒரு நட்சத்திரம் கட்டினார்கள். சீர்த்தட்டோடு வரும் மாப்பிள்ளை வீட்டாரை ஜிப்பின் முன்னால் நிறுத்தி, மைத்துனனுக்கு மோதிரம் போட்டால்தான் திறப்போம் என்று மறிக்கிற புதுச் சடங்கு ஒன்றும் முளைத்தது.

இத்தனைக்கும் நடுவில் அந்த ஜிப்பைப் பார்த்துக்கொண்டவள் தவமணி.

தவமணிக்குக் கடை கிடையாது. மேல்தெருவில் வீட்டு அடுக்களை ஜன்னலோரம் ஒரு முக்காலி, ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய ரன்னர்கள், மெழுகுவத்தித் துண்டு, பென்சில், ஒரு குறடு, தேய்ந்த பல்துலக்கும் பிரஷ், இவ்வளவுதான் சாமான். மலையில் ஜெர்கின் போடாமல் யாரும் வாசல் தாண்ட முடியாது, ஜெர்கின் என்று இருந்தால் ஜிப் சிக்காமல் இருக்காது, ஆகவே ஊரில் பாதிப்பேர் கழுத்து அவள் கையில் இருந்தது. "இழுக்காதீங்க, இழுக்காதீங்க, அது என்ன மாட்டுக் கயிறா? பின்னால விடுங்க மொதல்ல. எங்க சிக்குச்சோ அங்கயே திரும்பிப் போகணும்" என்பாள். பல்லுக்குள் மாட்டிய நூலை ஊசிமுனையால் எடுப்பாள், மெழுகைத் தேய்ப்பாள், ரன்னர் வாய் பிளந்திருந்தால் குறட்டால் ஒரே ஓர் அமுக்கு அமுக்குவாள், அத்தோடு வந்தவர் வீட்டு நல்லது கெட்டதையும் ஒரு வரி விடாமல் கேட்டுவிடுவாள். கூலி வாங்க மாட்டாள். கேரட்டோ பட்டாணியோ கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள். மூடுபனி ஜிப்புக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதாகோயில் மெழுகுவத்தி மிச்சத்தை வாங்கிவந்து ஏணி போட்டு ஏறித் தேய்த்துவிட்டாள். "பல்லு நல்ல பல்லு. ஆளுங்க கைதான் முரட்டுக் கை" என்பது அவள் தீர்ப்பு.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. தவமணியின் வீட்டுக்காரர் மருதாசலம், டீ பாக்டரியில் இலை வாட்டுகிற இடத்தில் வேலை பார்க்கிறவர், மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஜிப் இல்லாத ஜெர்கினோடுதான் திரிந்தார். நீல ஜெர்கின், நல்ல ஜெர்கின். ரன்னர் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது, தினம் ஊக்கோடுதான் வேலைக்குப் போனார். மாட்டிக்கொடு என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "நாளைக்கு" என்றாள். "ஞாயித்துக்கெழமை" என்றாள். "தீவாளி போகட்டும்" என்றாள். தீபாவளி போய், கார்த்திகை தீபம் போய், மார்கழியும் பிறந்து, கோலத்து மாவு உறைகிற குளிர் வந்துவிட்டது.

அப்படி ஒரு நாள் காலையில் அவர் பல் துலக்கிவிட்டு உள்ளே வந்தபோது, தவமணி முக்காலியில் உட்கார்ந்து பாரஸ்ட் கார்டின் காக்கி ஜெர்கினுக்கு ரன்னர் மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டிவிட்டுச் சர்ரென்று ஓர் இழுப்பு இழுத்து, "ஆகா, என்னமா ஓடுது!" என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டாள். அந்தச் சர்ரென்ற சத்தம் மருதாசலத்தின் காதில் விழுந்ததோ இல்லையோ, மனிதருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"பாரஸ்ட்காரனுக்கு ஆச்சு. போஸ்ட்மேன் பைக்கு ஆச்சு. மானத்துல தொங்குற பனிக்குக்கூட ஏணி போட்டு ஏறி மெழுகு தேய்க்கிறே. கட்டுன புருஷன் மட்டும் ஊக்கக் குத்திட்டு அலையணும், இல்ல?"

"நாளைக்கு மாட்டித் தர்றேனுங்க."

"ஒண்ணும் வேண்டாம். காரமடையில எங்க அக்கா இருக்குது. அங்க குளிரே கெடையாது. ஜெர்கினே வேண்டாம். நான் அங்கயே இருந்துக்கறேன்!"

வேட்டி இரண்டு, சட்டை இரண்டு, சவரப்பெட்டி. பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தவமணியும் லேசுப்பட்டவள் இல்லை. போனால் போகட்டும், வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வருவார் என்று உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் பாரஸ்ட் கார்டின் ஜெர்கினை மடித்தாள், திரும்பப் பிரித்து மடித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் வரவில்லை. எழுந்து அடுப்பை அணைத்தாள். இந்த மனிதர் சொன்னால் சொன்னதுதான், ஒருமுறை தன் தம்பியோடு கோபித்துக்கொண்டு எட்டு வருஷம் பேசாமல் இருந்தவர், தம்பி செத்த பிறகு சுடுகாட்டில் நின்று அழுதவர், அந்த ஆள் பஸ் ஏறிவிட்டால் அப்புறம் இறங்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வளைவைப் பார்த்து ஓடினாள்.

மருதாசலம் எத்தனை கோபத்திலும் ஊர்ச்சட்டத்தை மீறாதவர். ஜிப்பைத் திறந்து அந்தப் பக்கம் போனவர் அதை மூட ரன்னரை இழுத்திருக்கிறார், அது கெட்டியாக இருந்திருக்கிறது, பெண்டாட்டி மேலிருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஓர் இழுப்பு இழுத்திருக்கிறார். ரன்னர் தரைக்கு வந்து அப்படியே பிடித்துக்கொண்டது. நடுவில், ஆள் கழுத்து உயரத்தில், ஒரு சாண் அளவுக்குப் பல் விட்டுப்போய் வாய் மாதிரி ஓர் ஓட்டை. தவமணி வந்து சேர்ந்தபோது டீக்கடை ஆட்கள் முழுக்க அந்த ரன்னரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"விடுங்க! எல்லாரும் கைய எடுங்க!" என்று அதட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள் தவமணி. பல்லுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடந்தது. பனிக்கட்டி என்று பார்த்தால் பனிக்கட்டி இல்லை. நகத்தால் சுரண்டி மோந்தாள். மோந்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஜெயசீலி பயந்தே போனாள்.

"எவன்டா இதுல தேங்காண்ணெய ஊத்துனது?"

மேல்தெரு, கீழ்த்தெரு, யாரானாலும் அந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார்கள். மார்கழியில் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமென்றால் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்குகிற ஊர் அது, குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மினிபஸ்ஸுக்குப் புதிதாக வந்திருந்த டிரைவர் பூபாலன், அன்னூர்ப் பக்கத்துப் பையன், மலையேறி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"நானுங்க்கா. காலைல டீ குடிக்க வந்தப்ப இறுக்கமா இருந்துச்சுங்க. வண்டில பானட்டு மேல எண்ணெய் பாட்டல் இருந்துச்சு, எஞ்சின் சூட்டுல நல்லா இளகித்தான் இருந்துச்சு. எங்கூர்ல எல்லாத்துக்கும் தேங்காண்ணெய்தானுங்களே..."

"உங்கூர்ல வெயிலு இருக்குதுடா, தங்கம்! இங்க அது எங்கடா இருக்குது?" என்றாள் ஜெயசீலி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தவமணி சிரிக்கவில்லை. ஓட்டைக்கு வாயை வைத்து, "அவரு அங்க இருக்காராப்பா?" என்று கேட்டாள்.

"படிக்கட்டுல நிக்கறாருங்க. டிக்கெட்டு எடுத்துட்டாருங்க. எனக்கு எடுக்கற நேரம் ஆச்சுங்க்கா, பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குப் போறவங்கல்லாம் இருக்காங்க."

ஜெயசீலி ஓடிப்போய்க் கடையிலிருந்து கணப்புச்சட்டியைத் தூக்கிவந்து ரன்னருக்குக் கீழே வைத்தாள். கரி கனகனவென்று இருந்தது, ஆனால் அவ்வளவு கனமான பித்தளைக்கு அது எம்மாத்திரம், எண்ணெய் இளக ஏகப்பட்ட நேரம் ஆகும். பஸ் ஹாரன் அடித்தது.  வாழ்க்கையில் எத்தனையோ ஜிப்பை அவசரப்படாமல் எடுத்த தவமணிக்கு, இதை மட்டும் பல்லோடு பிடுங்கி எறிந்தால் என்ன என்று தோன்றியது.

"ஏனுங்க" என்று ஓட்டைக்குள் கூப்பிட்டாள். "ஏனுங்க, வாங்க வீட்டுக்கு."

ஜல்லியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் பக்கத்தில், மிகப் பக்கத்தில், அவர் குரல் வந்தது. "ஏன் மாட்டித் தரலைன்னு சொல்லு. வர்றேன்."

"அந்த சைசு ரன்னர் கெடைக்கலீங்க."

"பொய் பேசாத. உன் டப்பாவுல அதே சைசு கெடந்துச்சு. நானே கண்ணால பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கேக்கறேன். நான் உனக்கு அவ்வளவு எளப்பமாப் போயிட்டனா?"

தவமணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் டீக்கடை, பால்காரர், பூசாரி, துணிக்கூடையோடு வந்த கீழ்த்தெருப் பெண்கள், ஓட்டைக்கு அந்தப் பக்கம் பஸ் நிறைய ஆள். ஜெயசீலி அவள் விலாவில் இடித்தாள். "வாயுள்ள புள்ளதாண்டி பொழைக்கும். சொல்லித் தொலை!"

சொன்னாள். முதலில் முணுமுணுத்தாள், அவர் "கேக்கல" என்றார், அதில் அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது, எரிச்சலில் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொன்னாள்.

"மாட்டிக் குடுத்துட்டா நீங்க பாட்டுக்குச் சர்ருனு இழுத்துவிட்டுட்டுப் போயிருவீங்க! ரன்னர் கழண்ட நாள்ல இருந்துதான் தெனம் காலைல என் முன்னாடி வந்து மோவாயத் தூக்கிட்டு நிக்கிறீங்க. நான் ஊக்கு குத்தி முடிக்கற வரைக்கும் அசையாம நிக்கிறீங்க. உங்க மூச்சு என் நெத்தியில படுது. கல்யாணமாகி இத்தனை வருசத்துல நீங்க ஒரு வேலையும் இல்லாம என் பக்கத்துல நின்னது அது ஒண்ணுதான். அதையும் நானே என் கையால கெடுத்துக்கணுமா? மாட்டேன். மாட்டவே மாட்டேன்!"

 கடையில் ஆற்றிவைத்திருந்த டீ ஆறிப்போனது. பூசாரி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். பால்காரர் எதற்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். கத்தி முடித்ததும்தான் தவமணிக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பூபாலா" என்றது மருதாசலத்தின் குரல். "வண்டிய எடு."

பஸ் உறுமியது. கியர் விழுகிற சத்தம், சக்கரம் ஜல்லியில் நெரிகிற சத்தம், ஹாரன், பிறகு வளைவுக்கு வளைவு தேய்ந்து தேய்ந்து ஒன்றும் இல்லை. தவமணி மூடின முகத்தை எடுக்கவில்லை. அடி பாவி, சொல்லியும் போய்விட்டாரே என்று ஜெயசீலியே அழ ஆரம்பித்துவிட்டாள். போகட்டும், இனி இந்த ஊரில் எந்த முகத்தோடு நடமாடுவது, எவன் வீட்டு ஜிப்பை எடுத்து எந்தக் கதையைக் கேட்பது என்று தவமணி நினைத்துக்கொண்டிருந்தபோது, ஓட்டைக்குள் ஏதோ அசைகிற சத்தம் கேட்டு விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

நீல ஜெர்கினின் காலர் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. காலருக்கு மேலே நரைத்த மோவாய், நன்றாகத் தூக்கிக்கொண்டு.

"ஊக்கு இருக்குதா?" என்றது மோவாய். "கழுத்துல குளுருது."

அவள் வளையலில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். ஒன்றைக் கழற்றினாள், அது கீழே விழுந்தது, இன்னொன்றைக் கழற்றினாள். ஊரே பார்க்கக் குத்தினாள். காலையில் அவசரமாகக் குத்துகிற குத்து இல்லை அது, ஒவ்வொன்றையும் நிதானமாக, சுருக்கம் நீவி, அவர் மூச்சு நெற்றியில் பட, மூக்கை உறிஞ்சிக்கொண்டே குத்தினாள். அவர் அசையவில்லை. கீழே எண்ணெய் இளகி ரோட்டில் ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. ஜெயசீலி ரன்னரைத் தொட்டுப் பார்த்து மேலே தள்ளியபோது அது சொன்ன பேச்சைக் கேட்டது. மருதாசலம் பையோடு இந்தப் பக்கம் வந்தார். வந்ததும் திரும்பி, திறந்ததை மூடினார். பல் ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டு வந்தது.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் வீட்டுக்குப் போகிற வழியில்.

"நீங்க மொதல்லயே நிக்கறதுக்கென்ன?" என்றாள் அவள்.

இத்தோடு முடிந்திருந்தால் சின்ன விஷயம். அடுத்த நாள் தவமணியின் அடுக்களை ஜன்னலுக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சரிசெய்து வைத்திருந்த பாரஸ்ட் கார்டின் ஜெர்கினை அவர் சம்சாரம் வந்து வாங்கிப் போனாள், போன வழியிலேயே ரன்னரைக் கையோடு கொண்டுவந்திருந்த குறட்டால் பிடுங்கிப் பள்ளத்தில் வீசினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த வாரத்துக்குள் சில்லக்கொரையில் ஓடுகிற ஜிப் என்று ஒன்றும் மிச்சமில்லை. ரன்னர் கழன்றவை கொஞ்சம், கழற்றப்பட்டவை நிறைய. காலையில் மேல்தெருவிலிருந்து கீழ்த்தெரு வரைக்கும் வாசலுக்கு வாசல் ஓர் ஆண்பிள்ளை மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்க, எதிரே ஒரு பெண்பிள்ளை வாயில் ஊக்கைக் கவ்விக்கொண்டு நின்றாள். ஜெயசீலியின் புருஷன் மலைப்பக்கமே வராமல் திருப்பூரில் கிடந்தவன், ஜெர்கினை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். பாக்டரிக்கு எல்லோரும் தாமதமாகப் போனார்கள். மேனேஜர் விசாரிக்கலாம் என்று கிளம்பினார், அவரும் தாமதமாகத்தான் கிளம்பினார். ஆக மொத்தம் தவமணிக்குத் தொழில் படுத்துவிட்டது.

தை பிறக்கிற சமயத்தில் ஒரு நாள் பூபாலன் வந்து ஜன்னலில் நின்றான். கையில் சாம்பல் நிறத்தில் ஒரு ஜெர்கின், ரன்னர் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது.

"ஏனுங்க்கா, ஊர்ல எல்லாருக்கும் குத்திவிட வீட்ல ஆளிருக்குது. நான் ஒண்டிக்கட்டைங்க. எனக்காச்சும் சரி பண்ணிக் குடுங்க. குளுரு எலும்புல எறங்குதுங்க."

தவமணிக்குக் கொண்டாட்டமாக இருந்தது, வேலை செய்து எத்தனை நாளாயிற்று! முக்காலியை இழுத்துப் போட்டாள். பிரஷ்ஷால் தேய்த்தாள், நூல் எடுத்தாள், மெழுகு வைத்தாள், குறட்டால் ஒரே ஓர் அமுக்கு. அவன் வீட்டில் யார் யார், அக்கா தங்கை உண்டா, ஜாதகம் எழுதியிருக்கிறதா எல்லாம் கேட்டுக்கொண்டே செய்தாள். பிறகு தலையைச் சாய்த்து அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். மேலே இருந்த பல்லில் நாலைக் குறட்டால் நறுக்கென்று பிடுங்கிப் பிஸ்கட் டப்பாவில் போட்டாள்.

"ஐயையோ, என்னங்க்கா பண்றீங்க?"

"நெஞ்சு வரைக்கும் சரி பண்ணிட்டேன், தம்பி" என்று ஜெர்கினை ஜன்னல் வழியாக நீட்டினாள் தவமணி. "கழுத்துக்கு ஆளப் பாரு."